விட்ட குறையும் தொட்ட பணியும்



யாழ்ப்பாணம் நல்லூரில் 1822 ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். ஒன்பது வயதில் தந்தையாரை இழந்தார். தந்தையார் பாதியில் விட்டுச் சென்ற நாடகநூலை அச்சிறுவரே பாடி நிறைவு செய்தார் என்பர். வளர்ந்தபின் மிஷன் பாடசாலை ஆசிரியர் பதவியைத் துறந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1852 இல் பெரியபுராணத்தை யாவரும் வாசிக்கும் வசனநடையில் அச்சேற்றினார்.

போர்த்துக்கேயரால் இடிபட்டுக் காடாய்க் கிடந்த நம் திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்பும்படி 1872 இல் சைவ மக்களை வேண்டினார். 1879 இல் அவர் சிவபதமடையும் வரை அது கைகூடவில்லை. 1893 இல்தான் அந்நிலம் சைவர் கைக்கு மீண்டது. பின்பு கோயிலும் எழுந்தது.

அப்படியாயின் நாவலர் பெருமான் தோற்றவரா? தந்தை விட்ட குறையை மகன் முடித்தார். அந்த மகன் விட்ட குறையை அடியார்கள் முடித்தார்கள். விதைத்த அன்றே விளைவதில்லை. சாதாரணதரப் பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையை “நீ உருப்படமாட்டாய்” என்று ஏசும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையைக் கைபிடித்து மாலைப் பூசைக்கு அழைத்து வாருங்கள். மறுநாள் புத்தகத்தை மீண்டும் எடுத்துக் கொடுங்கள். மிகுதியைக் கௌரியம்பிகை சமேத கேதீச்சரநாதப் பெருமான் பார்த்துக்கொள்வார்.

திருச்சிற்றம்பலம்.