துக்கப்படும் கிப்பே

துபாயில் எங்கள் அலுவலகத்தில் 2022 முதல் வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை. அதனால் பெரிய வெள்ளியன்று மதியம், அலுவலகம் கொடுத்த விருந்துக்காகக் கடலோரத்து லெபனான் உணவகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை விரிப்பு, ஹம்முஸ், கரியில் வாட்டிய ஆட்டிறைச்சி, நடுவில் சிங்கி இறால்.

எனக்கு அன்று ஒருசந்தி, சுத்தபோசனம்: ஒரே வேளை முழுச் சாப்பாடு, அதிலும் இறைச்சி கிடையாது. திருச்சபைச் சட்டம் இறைச்சியைத்தான் விலக்குகிறது, மீனுக்குத் தடையில்லை. சிங்கி இறாலை வயிறு நிறையத் தின்றாலும் சட்டம் மீறியதாகாது. தூத்துக்குடியில் அம்மா இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "தினம் மீன் திங்கிறவளுக்கு மீன் என்னல ஒறுத்தலு?" என்பாள். பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டில் கஞ்சியும் துவையலும்தான்.

பரிமாறியவர் ஸஹ்லே ஊர்க்காரர், மரோனைட் கிறிஸ்தவர். நான் இறைச்சித் தட்டை நகர்த்தியதும் புரிந்துகொண்டு முஜத்தரா கொண்டுவந்தார்: மைசூர்ப் பருப்பும் அரிசியும் வேகவைத்து, மேலே ஒலிவ எண்ணெயில் கருக வதக்கிய வெங்காயம். தன் வீட்டில் இன்று கிப்பே ஹஸீனே என்றார். கிப்பே என்பது கோதுமை நொய்யோடு ஆட்டிறைச்சியை இடித்துப் பிசைவது. தவக்காலத்தில் இறைச்சியில்லாமல் செய்யும்போது அதற்குப் பெயர், துக்கப்படும் கிப்பே.

அந்தப் பெயர் என்னை உலுக்கிவிட்டது. இத்தனை வருடமும் சுத்தபோசனத்தைக் கணக்காகவே பார்த்திருக்கிறேன்: எது ஆகும், எது ஆகாது, பாவமா இல்லையா. சாவு வீட்டில் அடுப்பு மூட்டாதவர்கள் சட்டத்தைப் பார்த்தா மூட்டாமல் இருக்கிறார்கள்? சோறு இறங்காது, அவ்வளவுதான். அம்மாவின் கஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவள் அன்று ஆண்டவருக்குத் துக்கம் காத்தாள். நான் அதைத் தபசென்று தவறாகப் படித்துக்கொண்டேன். ஆனால் ஈராயிரம் வருடத்துக்கு முன் நேர்ந்த மரணத்துக்கு, இப்படியொரு மேசையில் உட்கார்ந்து துக்கம் காக்க முடியுமா? முஜத்தரா ருசியாக இருந்தது. அந்த ருசியே என்னை உறுத்தியது. எசாயா 58ஆம் அதிகாரம் கேட்கும் நோன்பு பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வது. எங்கள் மேசையிலோ பாதித் தட்டுகள் தொடாமலே திரும்பின.

மரோனைட் மரபில் நள்ளிரவு முதல் நண்பகல்வரை நோன்பு. மணி ஒன்றரை ஆகியிருந்தது. அவர் இன்னும் இறைச்சிக் கம்பிகளைச் சுமந்துகொண்டிருந்தார். எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"இந்த மேசைகள் ஒழிந்த பிறகு."

மூன்று மணி வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் கரிப்புகை வாசம் இருந்தது.