விசிலும் சிலம்பும்

1906ஆம் ஆண்டு கண்டி போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதின. இலங்கைப் பாடசாலைகளுக்கு இடையே நடந்த முதல் றக்பி ஆட்டம் அது. ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. 1891இல் கிங்ஸ்வூடைத் தொடங்கி, மாணவர்களுக்கு றக்பியையும் பழக்கிய லூயிஸ் எட்மண்ட் பிளேஸின் பெயரைக் கண்டிப் பழைய மாணவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். புள்ளிக்கணக்கும் நூறு ஆண்டு தாண்டி நிற்கிறது. அன்று விசிலோடு ஓடியவர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அந்த மறதி இன்னும் தொடர்கிறது. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945இலிருந்து பிரட்பி கேடயத்துக்காக ஆடி வருகின்றன. ஓர் ஆட்டம் கொழும்பில், ஓர் ஆட்டம் கண்டிப் பக்கம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. முதல் ஆட்டத்தில் தவறாக ஊதிய ஒரு விசில் அடுத்த ஆட்டம் வரை கூடவே வரும். பழைய மாணவர்களின் கூடாரங்களில் அந்த ஒரு விசிலைப் பற்றிப் பல வருடங்கள் பேசுவார்கள். சரியாக ஊதியவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை.

பாடசாலை ஆட்டங்களுக்கு மத்தியஸ்தராக வருபவர் பெரும்பாலும் வேறு தொழில் உள்ளவர். ஆசிரியராக இருப்பார், அலுவலகத்தில் வேலை பார்ப்பார், ஒரு காலத்தில் தானும் ஆடியிருப்பார். சனிக்கிழமையை வீட்டிலிருந்து பறித்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார். இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் முடிவுக் கோட்டருகே வெயிலில் நிற்கும் ஆசிரியையும் இந்த இனத்தவர்தான். கிடைக்கும் சிறு படிக்காக இதைச் செய்ய முடியாது. பிறகு எதற்காக?

பலனை எதிர்பாராத கருமம் என்று கீதையின் வழியில் உடனே பதில் சொல்லிவிடலாம். ஆடுபவனுக்கு அது கடினமான உபதேசம்; அவன் கண் முன்னால் புள்ளிப் பலகை இருக்கிறது. மத்தியஸ்தருக்கோ பலகையில் இடமே இல்லை. வெற்றியும் தோல்வியும் அவருடையவை அல்ல. ஆனாலும் இந்தப் பதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பலனில் பற்று இல்லாதவர் கவனமாகவும் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி? பற்றில்லாமலே அசட்டையாக இருக்கவும் முடியும்.

பௌத்தம் இன்னொரு இடத்தில் விரல் வைக்கிறது. எண்ணமே கருமம் என்பது அங்குத்தர நிகாயத்தில் வரும் புத்தரின் போதனை. பக்கம் சாயாத மனத்தோடு கொடுத்த தீர்ப்பு பிழைத்தாலும் அது பாவமாகாது. தலதா மாளிகை இருக்கும் ஊரில் மத்தியஸ்தருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பாடசாலை வாழ்வின் கடைசிக் கிரிக்கெட் ஆட்டத்தில் மட்டையில் பட்ட பந்துக்கு எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டுத் திரும்பும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்த ஆறுதல் எட்டுமா?

அவனுக்கான பதில் அதே மாளிகையின் அருகே, பத்தினி தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே குடிகொண்டிருப்பவள் நம் கண்ணகி. எசல பெரஹராவில் அவளுடைய ஊர்வலமும் சேர்ந்து வருகிறது. பாண்டிய நெடுஞ்செழியனுக்கு அவள் கணவன் கோவலன் மேல் பகை எதுவும் கிடையாது. அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் சொன்னதை நம்பினான்; விசாரிக்காமலே கொல்லச் சொன்னான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, தன் அரசியின் சிலம்பில் இருந்தது முத்து என்பது அவனுக்குத் தெரியும். அங்கேயே உயிர் விட்டான். எண்ணம் கெட்டதால் வந்த குற்றமில்லை அது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதுதான் குற்றம்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பிழைத்த தீர்ப்பால் தெய்வமான இவளுக்கு மக்கள் விளையாட்டையே வழிபாடாகச் செய்தார்கள். மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்பு முறிப்பார்கள். சிங்களக் கிராமங்களில் அதற்கு அங்கெலிய என்று பெயர். இரு பக்கமாகப் பிரிந்து மோதும் மக்கள், அநீதியைக் கண்டவளின் சந்நிதியில் மோதினார்கள்.

கண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதைக் கண்டி கசப்போடு கற்றது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பந்துவீசப் பழகிய முத்தையா முரளிதரனை, 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார், முழங்கையை நிமிர்த்தி எறிவதாக, ஏழு தடவை நோபோல் என்று அறிவித்தார். பின்னர் கமராக்கள் அளந்தபோது, முறையாக வீசுவதாக எல்லோரும் நம்பிய பலரின் முழங்கையும் சற்று நிமிர்வது தெரியவந்தது. சர்வதேச கிரிக்கெட் சபை 15 பாகை வரை அனுமதித்தது. விதியே மாறியது; முரளி 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு விடைபெற்றார்.

இலங்கை நடுவர் குமார் தர்மசேனவின் கதை வேறு. 2019 ஜூலை 14 அன்று லோர்ட்ஸில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், களத்தடுப்பாளர் எறிந்து, ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லை கடந்த பந்துக்கு ஆறு ஓட்டங்கள் கொடுத்தார். ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் திரும்பப் பார்த்தபோது பிழை தெரிந்தது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். எடுத்த முடிவுக்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். அடுத்தடுத்த தொடர்களிலும் நடுவராக நின்றார். பாண்டியனைப் போல் விழுந்து மடிவதை விட, பிழையை ஒப்புக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு வருவது கடினம்.

பாடசாலை மைதானத்தில் திரும்பப் பார்க்க எதுவும் இல்லை. இரண்டு கண்ணும் நிற்கும் இடமும்தான் துணை. ஆகவே அந்த மத்தியஸ்தரின் பக்தி அவர் கால்களில்தான் தெரியும். நாற்பத்தைந்து வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஓடி, பந்து விழும் இடத்துக்கு ஐந்து அடி அருகே போய் நிற்பதே அவருடைய விசாரணை. திருக்குறள் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வைத்தது. அந்த நிலைமை மனத்தில் மட்டும் இருந்தால் போதாது; மூச்சு வாங்கினாலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கடன் என்ற தமிழ்ச் சொல்லுக்குக் கடமை என்றும் பொருள், திருப்பித் தர வேண்டியது என்றும் பொருள். அவர் பையனாக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யாரோ ஒருவர் தன் சனிக்கிழமையைக் கொடுத்திருந்தார். அந்தக் கடனைத் தீர்க்க அவருக்கு இனி இந்தப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் வரிசையாக வந்து கைகுலுக்குகின்றன. தோற்ற பக்கத்துத் தலைவன் முகம் பாராமல் 'தேங்க் யூ சேர்' என்கிறான். மழை பிடித்துவிட்டது. சேறு ஒட்டிய சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியஸ்தர் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறுகிறார். இரண்டாம் பாதியில் அந்தப் பந்து முன்னால் போனதா, பின்னால் போனதா? மஹாவலிப் பாலம் தாண்டியும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார்.