எலி வளையும் அண்டை வீடும்

ஒரு பல்கலைக்கழகம் வகுப்பறை கட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி என்றாலும் அப்படித்தான். ஆனால் 35,000 பேர் உட்காரும் ஒரு ஸ்டேடியத்தை, வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒரு நகரத் தெருவில் கட்டப்போகிறோம் என்றால், ‘எதுக்கு?’ என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த ‘எதுக்கு’க்குள் அறம் சார்ந்த ஒரு கேள்வி இருக்கிறது. சட்டப்படி என்னுடையதாக இருக்கும் இடத்தில், அறப்படி எனக்கு எவ்வளவு உரிமை?

முதலில் ஒரு விளக்கம். இங்கே கால்பந்து என்று நான் சொல்வது நம்மூர்க் கால்பந்தை அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. ஒரு கல்லூரி அணி ஒரு பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்கள் ஆடும். அதில் சொந்த ஊரில் நடப்பது ஆறோ ஏழோ. மற்ற நாட்களில் வேறு விழாக்கள் நடத்தலாம், பயிற்சி நடத்தலாம். ஆனால் அத்தனை ஆயிரம் இருக்கைகளும் போடப்படுவது அந்த ஆறேழு நாட்களுக்காகத்தான்.

பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1884இல் ரஸ்ஸல் கான்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர், பகலெல்லாம் உழைத்துவிட்டு வருபவர்களுக்கு இரவில் பாடம் சொல்லித்தரத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அதன் சின்னம் ஆந்தை. இரவில் கண்விழித்துப் படித்தவர்களின் நினைவு அதில் இருக்கிறது என்பார்கள். அது நிற்பது வடக்கு பிலடெல்பியாவில், பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும், வறுமை கூடிய பகுதியில். 1964 ஆகஸ்டில் பெரும் கலவரம் நடந்த கொலம்பியா அவென்யூ, வளாகத்தை ஒட்டிய தெரு. இன்று அதற்கு சிசில் பி. மூர் என்ற சிவில் உரிமை வழக்கறிஞரின் பெயர்.

டெம்பிளின் கால்பந்து அணி தெற்கு பிலடெல்பியாவில், ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணியின் லிங்கன் ஃபினான்ஷியல் ஃபீல்டில் வாடகைக்கு ஆடுகிறது. ஏறத்தாழ 69,000 இருக்கைகள் கொண்ட ஸ்டேடியம். 2015இல் டெம்பிள், 1941க்குப் பிறகு முதல்முறையாக பென் ஸ்டேட் அணியை வென்றது. அந்தச் சூட்டோடு, 2016 தொடக்கத்தில் அறங்காவலர் குழு சொந்த ஸ்டேடியத்துக்கான ஆரம்பகட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 35,000 இருக்கைகள், மதிப்பீடு சுமார் 13 கோடி டாலர். இடம், வளாகத்தின் மேற்கு ஓரத்தில், குடியிருப்புகளுக்கு எதிரே. 15ஆம் தெருவின் ஒரு பகுதியை மூட வேண்டியிருக்கும் என்றார்கள். அக்கம்பக்கத்தாரும் மாணவர்கள் சிலரும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2018 மார்ச்சில் நிர்வாகம் கூட்டிய பொதுக்கூட்டம் கூச்சலில் கலைந்தது. திட்டம் அப்படியே நின்றுபோனது.

கட்ட வேண்டும் என்பவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு பார்த்துவிட வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். 69,000 இருக்கைகளில் 20,000 பேர் வந்து உட்கார்ந்தால் கூட்டமே வராதது மாதிரிதான் தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகம் 1982 முதல் நகர மையத்தின் மூடிய ஸ்டேடியத்தில் ஆடிவிட்டு, 2009இல் வளாகத்திலேயே சொந்தமாகக் கட்டிக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகமும் பல வருடம் சூப்பர்டோமில் ஆடியபின் 2014இல் வளாகத்துக்குத் திரும்பியது. இதெல்லாம் வெறும் பகட்டு என்று நான் நினைக்கவில்லை. பழைய மாணவர்கள் வருடத்தில் ஒருமுறையாவது வளாகத்தில் கால்வைக்க ஒரு காரணம் வேண்டும். திருவிழா இல்லாத ஊர் மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

டெம்பிளில் படித்த நண்பர் ஒருவர் இன்னொன்றும் சொன்னார். “இதே ஊர்ல பென்னுக்கு 1895லிருந்து ஃபிராங்க்ளின் ஃபீல்ட் இருக்கு. அது பணக்காரப் பிள்ளைங்க படிக்கிற இடம். அங்க யாரும் ‘எதுக்கு’ன்னு கேட்கல. கூலிக்காரங்க பிள்ளைங்க படிக்கிற இடம்னா மட்டும் உங்களுக்கு அறம் ஞாபகம் வந்துடுது.”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஸ்டேடியத்தை மட்டும் கட்டவில்லை. 1960களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் அதைச் சுற்றி நடந்த விரிவாக்கத்தில், ‘பிளாக் பாட்டம்’ என்று அழைக்கப்பட்ட கறுப்பினக் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. முந்திக்கொண்டவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், பிந்தி வந்தவன் கை நீட்டும்போது மட்டும் விதி பேசுகிறோம் என்பது நியாயமான கோபம்தான்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுப்பவர் யார்? டெம்பிளுக்கும் பென்னுக்கும் இடையிலான அநீதியை நேர்செய்ய, 16ஆம் தெருவில் நாற்பது வருடமாக வாசற்படியில் உட்கார்ந்து காற்று வாங்கும் ஒரு பாட்டி தன் சனிக்கிழமையைத் தர வேண்டும் என்றால், அது எந்த ஊர் நியாயம்? அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பக்கத்து வீட்டு வேலியைத் தள்ளிப்போடுவது போல அல்லவா இது?

“சொந்த நிலம்தானே, கட்டிட்டுப் போகட்டுமே” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அண்டை வீட்டார் எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்று சொல்லலாம் என்றால் நகரத்தில் ஒரு மருத்துவமனைகூட எழாது. வசதியானவர்கள் வாழும் தெருக்களில் அப்படித்தான் நடக்கிறது. ஏழைகளுக்கான குடியிருப்பு வரும் என்றால் அமைதி போய்விடும் என்று வழக்கறிஞரை அழைத்து வருகிறார்கள். எனவே, அண்டை வீட்டாரின் விருப்பமின்மை மட்டுமே போதுமான காரணம் ஆகாது.

மறுபாதியில்தான் சிக்கல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தங்கள் கல்விப் பணிக்கான நிலங்களுக்குச் சொத்து வரி கட்டுவதில்லை. பொதுநன்மைக்காக இயங்குகிறது என்பதால் ஊர் கொடுத்த சலுகை அது. பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீடு வைத்திருப்பவர் வரி கட்டுகிறார். பொதுநன்மையின் பெயரால் சலுகை பெற்றுக்கொண்டு, கட்டும்போது மட்டும் ‘என் நிலம், என் இஷ்டம்’ என்று பேச முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதற்குக் கட்டலாம், எதற்குக் கூடாது? நான் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, இது இங்கே இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் தன் வேலையைச் செய்ய முடியாதா? ஆய்வுக்கூடத்தைப் பத்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால் படிப்பு கெடும். ஆனால் டெம்பிள் வளாகத்தின் வாசலில் சிசில் பி. மூர் ரயில் நிலையம். அங்கே ஏறினால் அதே பிராட் ஸ்ட்ரீட் பாதையின் தெற்குக் கடைசி நிறுத்தத்தில் ஸ்டேடியம். மாறி ஏற வேண்டியதுகூட இல்லை. வாடகையும் காலி இருக்கைகளும் சங்கடம்தான், ஆனால் அதனால் ஒரு மாணவரின் படிப்பும் நின்றுபோகவில்லை. இரண்டாவது, சுமை புதிதாக வருகிறதா, அல்லது ஏற்கெனவே சுமப்பவர் தலையிலேயே இன்னொரு மூட்டையா? வரிசை வீடுகள் மாணவர் வாடகை வீடுகளாக மாறி, அக்கம்பக்கம் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கும் இடம் இது.

விளையாட்டின் பெயரால் பேசுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் இதே டெம்பிள், பேஸ்பால், சாஃப்ட்பால், ஆண்கள் தடகளம் உட்பட ஏழு விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. படகோட்டும் அணிகள் மட்டும் பிறகு காப்பாற்றப்பட்டன. காரணங்களில் ஒன்று செலவு. உண்மையில் ஆடிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு இல்லாத பணம், பார்ப்பவர்களின் இருக்கைகளுக்குக் கிடைக்கும் என்றால், அங்கே முன்னுரிமை விளையாட்டுக்கு அல்ல, காட்சிக்கு.

இதற்காகக் கால்பந்தையே விட்டுவிட்டால் பல்கலைக்கழகம் புனிதமாகிவிடுமா? சிகாகோ பல்கலைக்கழகம் விட்டுப் பார்த்தது. 1939இல் அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்து அணியைக் கலைத்தார். காலியாகிப்போன ஸ்டாக் ஃபீல்டின் மேற்கு மாடத்துக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்தியது. அந்த இடத்தில் இன்று நிற்பது 1970இல் திறந்த ரெகன்ஸ்டைன் நூலகம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை அந்தக் காலத்தில் ஆதரித்ததும் அதே பல்கலைக்கழகம்தான். 1950களில் ஹைட் பார்க் புதுப்பிப்பில் ஏழைகள் வெளியேற முன்னின்றதும் அதுவே. பந்தை விட்டவர்கள் பக்கத்து வீட்டாரோடு நன்றாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

அதனால் பிரச்சினை கால்பந்தில் இல்லை, கேட்கும் விதத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வரைபடம் தயாராகி, விலை மதிப்பிட்டு, அறங்காவலர்கள் கைதூக்கியபின் ஊராரை அழைத்து “உங்க கருத்து என்ன?” என்று கேட்பது கேட்பதாகாது. கல்யாணம் பேசி முடித்துவிட்டு பெண்ணிடம் சம்மதம் கேட்பது மாதிரி அது. ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கு இடம் இருக்கும்போது மட்டுமே ஒரு கேள்வி கேள்வியாகிறது. அப்படிக் கேட்டு, அந்த 16ஆம் தெருக்காரர்கள் ‘சரி, கட்டுங்க, இன்னின்ன செய்து கொடுங்க’ என்று சொல்லியிருந்தால், கட்டியிருக்கலாம் என்றே நானும் சொல்வேன்.

நண்பர் இதை ஏற்கவில்லை. “அப்ப நாங்க கடைசிவரைக்கும் குடக்கூலி வீடுதானா?” என்றார். ஆமாம், அந்தத் தெருக்காரர்கள் சரி என்று சொல்லும்வரை அப்படித்தான் என்றேன். வருடத்தில் ஆறு சனிக்கிழமை ரயிலேறிப் போவது ஒரு குறைதான். ஆனால் அந்தக் குறையைச் சுமக்கக்கூடிய தோள் எது என்று பார்த்தால், அது பல்கலைக்கழகத்தின் தோளாகத்தான் இருக்கிறது.