விதைக்கு விட்ட பீர்க்கங்காய்



ஆடியில் விதைத்த கொடிகள் கார்த்திகையில் காய்ந்துவிட்டன. புடலைப் பந்தலில் சருகுதான் மிச்சம். பாகற்கொடியில் கோணலாய் இரண்டொரு பிஞ்சுகள் தொங்குகின்றன. கொல்லையில் நாலு குழி வெட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்த குடும்பங்களுக்கு இத்தனை நாளும் கறிக்குக் குறைவில்லை. கொடுத்த சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக!

சென்ற வாரம் நம் பங்கில் ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். அடுப்பங்கரை உத்திரத்தில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் ஒன்று தொங்கிற்று.

“விதைக்கா அம்மா?” என்றேன்.

“ஆமாம் சாமி. கொடி நன்றாய்க் காய்க்கிறபோதே, நல்ல காயாகப் பார்த்து விட்டது. பிள்ளைகளைக் கை வைக்க விடமாட்டேன். கடைசியில் வருகிற சூம்பின காயை விதைக்கு விட்டால் வரும் ஆடியில் என்னத்தைக் காணப்போகிறோம்?”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“காய் விஷயத்தில் இருந்த புத்தி பிள்ளை விஷயத்தில் இல்லாமற் போயிற்றே, சாமி. சின்னவனாயிருந்தபோது செபத்துக்குக் கூப்பிடாமல், தூங்கட்டும், படிக்கட்டும் என்று விட்டேன். வளர்ந்தால் தானாய் வருவான் என்றிருந்தேன். இப்போது வெளியூரில் வேலை. ஞாயிறு பூசைக்கே போவதில்லையாம்.”

அவர் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, விதைக்கு விடும் காய் சும்மா வருவதில்லை. ஒரு காயை முற்ற விட்டால் கொடியின் சத்து அதற்குப் போகும். மற்றக் காய்கள் குறையும். இன்றைய குழம்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் நாளைக்கு விதை. நாமோ சர்வேசுரனுக்கு எதை விடுகிறோம்? வேலையெல்லாம் முடிந்து, சாப்பாடும் ஆகி, பிள்ளைகளுக்குக் கண் சொருகுகிற நேரத்தில் அவசரமாய் ஒரு செபமாலை. சில வீடுகளில் அதுவுமில்லை. சூம்பின காயை விதைக்கு விட்டு, பிள்ளைகளிடம் விசுவாசம் தழைக்கவில்லையே என்று அழுதால் ஆகுமா?

ஆனால் அந்தத் தாய் அவநம்பிக்கைப்பட வேண்டியதில்லை. அர்ச். மோனிக்கம்மாள் வழிதவறிய மகனுக்காக எத்தனையோ ஆண்டுகள் கண்ணீர் விட்டு மன்றாடினாள். 387-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளில் மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கம்மாள் நிம்மதியாய்க் கண்மூடினாள்.

விதையைச் சாம்பலில் புரட்டிச் சட்டியில் கட்டி வைக்கிறோம். ஆடி வர இன்னும் எட்டு மாதம். உயிர் இருக்கிறதா என்று யாரும் விதையைக் கீறிப் பார்ப்பதில்லை, காத்திருக்கிறோம். மன்றாட்டும் அப்படித்தான்.

ஆகமன காலம் தொடங்குகிறது. இன்று முதல் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே, இராச் சாப்பாட்டுக்கு முன்னால், குடும்பமாய் முழந்தாளிலிருந்து செபமாலை சொல்லுங்கள். வெளியூரிலிருக்கும் பிள்ளையின் பேரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கடிதம் எழுதும்போது, கோபித்து எழுதாமல், “உன் பேரைச் சொல்லித் தினமும் வேண்டிக்கொள்கிறோம்” என்று மாத்திரம் எழுதுங்கள்.

நல்ல காயை விதைக்கு விடுங்கள். முளைப்பிக்கிறவர் ஆண்டவர். ஆமென்.