சும்மா இருப்பவர்கள்

தரங்கம்பாடியில் ஒரு மே மாதப் பகலை ஒன்றுமே செய்யாமல் கழித்தேன். காலையில் பூம்புகாருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பஸ்ஸைத் தவற விட்டேன். அடுத்ததில் போகலாம் என்று கடற்கரையில் வந்து உட்கார்ந்தவன், அடுத்ததையும் அதற்கு அடுத்ததையும் மனமறிந்தே தவற விட்டேன்.

பார்க்க வேண்டியவற்றை முதல் நாளே பார்த்தாகிவிட்டது. 1620-இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கோட்டை, முன்புறத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில், பழைய வீடுகள் உள்ள ராஜ வீதி. சின்ன ஊர்தான். மிச்சம் இருந்தது அலை. தரங்கம் என்றாலே அலைதானே! பட்டணத்து மனிதன் சும்மா உட்காரும் கலையை மறந்துவிட்டான், கடலோரத்து மனிதன் மறக்கவில்லை என்று ஒரு கட்டுரை மனத்துக்குள் தானாகவே உருவாகிக்கொண்டிருந்தது.

கோட்டை மதிலின் நிழலில் ஒருவர் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"சாருக்கு இங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லேண்ணே. சும்மாதான்."

"நாங்களும் சும்மாதான் இருக்கோம்" என்று சிரித்தார். "இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் முட்டையிடும் காலமென்று, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 61 நாள். இவர் அப்படி ஒரு படகில் பங்குக்குப் போகிறவர். சர்க்கார் நிவாரணம் உண்டு. அது எந்த மூலைக்கு? ஆனாலும் அவர் தடையைத் திட்டவில்லை. "மீனு பெருகணும்ல" என்றார். அநியாயம் என்று நான் கோபப்படுவதற்குக்கூட இடம் வைக்கவில்லை.

என் கட்டுரை அத்தோடு செத்தது.

அவருக்கும் எனக்கும் ஒரே கடல், ஒரே வெயில், ஒரே சொல். என் 'சும்மா'வின் தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது, அவருடையது வெளிப்பக்கம். உழைத்தவனுக்கு ஓய்வு உரிமை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவரைவிட நான் எந்த விதத்தில் அதிகம் உழைத்துவிட்டேன்? இதே கோட்டையில் 1708-இல் டேனிஷ் அதிகாரி ஒருவர் சீகன்பால்கைப் பிடித்து அடைத்து, நான்கு மாதம் வைத்திருந்தார். அவர் காதிலும் இந்த அலைதான் விழுந்திருக்கும். அதை அவர் ஓய்வு என்று எண்ணியிருப்பாரா?

வெட்கப்பட்டு நான் எழுந்து போயிருந்தால் அவருக்கு ஒரு மீன்கூட அதிகம் கிடைத்திராது. சும்மா இருந்ததை நான் பாவமென்று நினைக்கவில்லை. அதை என் மனப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேனே, அதுதான் உறுத்தியது. கையில் இருந்த காசையும் திரும்பிப் போக ஒரு வீட்டையும் பக்குவம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன்.

"இந்த ஓரத்தைச் சித்த பிடிங்க சார்" என்றார். பிடித்தேன். "இழுக்காதீங்க, தளர விடுங்க." அரை மணி நேரம் பேச்சில்லை. வெயில் தாழ்ந்தது. எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

"ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு சார்" என்று அவர்தான் நினைவூட்டினார்.