உணர்வின்றி அறிவு நிகழுமோ?

சென்ற கோடையிற் கண்புரை நீக்கிக்கொண்டு நூல் தொடலாகாதென்று தடுக்கப்பட்டு நூம்பலில் எம் இல்லத்தே இருந்தேமாக, பெயரன் ஆங்கில விஞ்ஞானப் புனைகதை ஒன்றை மாலைதோறும் தமிழிற் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினான். சித்தாந்திக்குப் புனைகதை எற்றுக்கு என அன்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். அந்நூல் எடுத்துக்கொண்ட பொருள் உயிரிலக்கணமே யாதலின் ஈண்டெழுதத் துணிந்தேம்.

கடல்வாழ் உயிர்நூல் பயின்ற கனடா நாட்டுப் பீட்டர் வாட்ஸ் என்பார் 2006இல் வெளியிட்ட 'பிளைண்ட்சைட்' என்பது அது. ஞாயிற்று மண்டிலத்தின் புறவெல்லைக்குச் செல்லும் மக்கள் சிலர் ஆண்டு அயலுயிர்களை எதிர்ப்படுகின்றனர். அவை கணக்கும் சூழ்ச்சியும் வல்லன. அவற்றின் கலமோ மக்கள் மொழியிலேயே விடையிறுக்கின்றது. ஆயினும், 'யான் அறிகின்றேன்' என்னும் உணர்வு அவற்றிற்கு இல்லையாம். அவ்வுணர்வு வாழ்க்கைப் போட்டியில் மிகைச்சுமை என்பது கதையின் உட்கிடை.

நூற்பெயர் ஒரு மெய்ந்நிகழ்ச்சி பற்றியது. மூளையிற் பார்வைக்குரிய பகுதி பழுதுற்றார் சிலர், 'ஒன்றுங் காணேம்' என்றுகொண்டே, குத்துமதிப்பாகச் சுட்டுக என்றவழிப் பொருளிருக்கும் இடத்தைப் பெரும்பாலும் பிழையாது சுட்டினர். இதனை லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் முதலியோர் 1970களில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இது கேட்டு யாம் மருண்டிலேம். என்னை? மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்கள் மாயாகாரியமாகிய சடமென்பது நம் கொள்கை. உறக்கத்தில் மூச்சு இயங்கியும் நுகர்ச்சி நிகழாமையின் பிராணவாயு உயிரன்றென்று 13ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவினார். இயக்கம் வேறு, அறிவோன் வேறு. இனி, உணர்வு மிகையென்றாரே, எதற்கு மிகை? உடல் நிலைபெறுதற்கு மிகையாயின் ஆகுக. உடல் உயிர்ப்பொருட்டு வந்ததேயன்றி உயிர் உடற்பொருட்டு வந்ததன்று.

அற்றேல் அவ்வயலுயிர்கள் வெறுஞ் சடமோ எனின், அங்ஙனமும் துணிதல் ஆகாது. கேவலத்தில் ஒன்றும் அறியாது கிடக்கும் ஆன்மாவும் உள்பொருளே. கதையில் அவற்றுள் இரண்டனைச் சிறைப்பிடித்து, விடை பெறுதற்பொருட்டுத் துன்புறுத்துகின்றனர். அவ்விடத்தே பெயரன் நிறுத்தி, "அதுகளுக்கு வலிக்குமா தாத்தா?" என்றான். மடத்தில் யாம் பயின்ற தருக்கமெல்லாம் அவ்வினாவின்முன் நின்றிலது. உணர்விலது என்று ஒன்றனைக் குறித்தபின் கை கூசுவதில்லை என்பது மட்டும் புலனாயிற்று.

பிறிதொன்றும் உண்டு, சொல்ல நாணுகின்றேம். அண்மையிலுள்ள திருவேற்காட்டு வேதபுரீசர் சந்நிதியில் யாம் நெடுங்காலம் பதிகம் ஓதி வருகின்றேம். நா தவறாது ஓடும். நெஞ்சோ பால்கணக்கிற் கிடக்கும். ஓதியது யார்? அக்கதையின் அயலுயிரை எம் வாயினுள்ளேயே கண்டேம். மறுநாள் சந்நிதியில் ஒவ்வொரு சொல்லையும் உணர்ந்தே ஓதுவதெனத் தொடங்கினேம். மூன்றாம் பாட்டில் நாக் குழறிற்று. அருகு நின்ற சிறுவனொருவன் அடியெடுத்துக் கொடுத்தான்.