ஆயத்துறையை விட்டு எழுந்தவர்



செப்டம்பர் 21-ந் தேதி அர்ச். மத்தேயு அப்போஸ்தலருடைய திருநாள். கப்பர்நாகும் ஊர் ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். ஊரார் வெறுத்தாலும் வருமானம் தப்பாத உத்தியோகம். ஆண்டவர் அழைத்த மாத்திரத்தில் எழுந்து போனார். பிறகு அந்தப் பக்கம் திரும்பினார் என்று சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. அர்ச். இராயப்பரோ ஆண்டவருடைய உயிர்ப்புக்குப் பின்னும் ஓர் இரவு மீன் பிடிக்கப் போனார். பாப்பரசர் அர்ச். பெரிய கிரகோரியார் இந்த வித்தியாசத்தை ஒரு பிரசங்கத்தில் எடுத்துக் காட்டி, பாவமில்லாமல் செய்யக்கூடிய தொழிலுக்குத் திரும்புவது குற்றமல்ல, பாவத்தில் சிக்கவைக்கும் தொழிலுக்குத் திரும்பலாகாது என்று விளக்குகிறார். ஆகையால் வாத்தியார் வேலையோ, கண்டக்டர் வேலையோ, கம்பெனி வேலையோ நேர்மையாய்ச் செய்கிறவர்கள், தங்கள் வேலையும் ஓர் ஆயத்துறைதானோ என்று கலங்க வேண்டாம்.

ஆனால் சில வீடுகளில் வேறொரு பேச்சு நடக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளை, "வேலையை விடப்போகிறேன், நம்மூர் வத்தலை நியாய விலைக்கு வாங்கி, பொடியாக்கி விற்கப் போகிறேன், நாலு பெண்களுக்கு இங்கேயே வேலை கிடைக்கும்" என்கிறான். தாய் அழுகிறாள். தகப்பன் பேச்சையே நிறுத்திவிடுகிறார். வானம் பார்த்த சீமையிலே, மாதம் பிறந்தால் கைக்கு வரும் பணத்தின் அருமை தெரிந்தவர்களுடைய கண்ணீர் அது. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை உங்களுக்குத் தெரியும். அதை உண்டாக்கிய டாக்டர் வெங்கடசாமி 1918-ல், எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில், நம்மைப் போன்ற கரிசல்காட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கைகளாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகினார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவருக்காவது ஓய்வு பெறும் வயது. அவருடைய தங்கை டாக்டர் நாச்சியாரும், அந்த அம்மாளின் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரசாங்க வேலையை விட்டே அவரோடு சேர்ந்தார்கள். வீடு அடமானத்துக்குப் போயிற்று, நகைகள் அடகுக்குப் போயின.

பணமுள்ளவர்கள் கொடுக்கும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை செய்வதென்பது ஏற்பாடு. ஆனால் இலவசம் என்று சொல்லியும் அநேக ஏழைகள் வரவில்லை. விசாரித்தபோது, பஸ்ஸுக்குக் காசு, சாப்பாடு, கூட வருகிறவருடைய கூலி நஷ்டம் ஆகிய இவைதான் தடை என்று தெரிந்தது. ஆகவே பஸ் வைத்து அழைத்து வந்து, சோறும் போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்சாலை தொடங்கி, மதுரையிலேயே செய்து விலையைக் குறைத்தார்கள். டாக்டர் 2006-ல் காலமானார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல, ஸ்ரீ அரவிந்தரின் பக்தர். நல்ல சமாரியனும் யெருசலேம் ஆலயத்துக்குப் போனவன் அல்லவே.

இவர்கள் தர்மத்தைச் செய்தார்கள், கணக்கையும் விடவில்லை. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தைப் பாருங்கள். தமக்குரியதையெல்லாம் விட்டுவிடாதவன் சீடனாக முடியாது என்று சொல்லும் அதே பிரசங்கத்தில், கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் ஆண்டவர் சொல்லுகிறார். புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைக்கிற நம் சம்சாரிகளுக்கு இது புதிதா? மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். அதற்காகக் குதிரில் உள்ளதையெல்லாம் கொண்டுபோய் இறைத்துவிடுகிறார்களா?

ஆகையால் தம்பி, வேலையை விடுமுன் லீவு நாட்களில் ஒரு பருவம் சிறிதாகச் செய்து பார். ஒரு வருஷத்து வீட்டுச் செலவுக்கு வழி உண்டா என்று எழுதிப் பார். மனைவியின் மனம் ஒப்பாமல் அவள் நகையைத் தொடாதே. கடனுக்கு வாங்கிய வத்தல் விற்காமற்போனால், முதலில் பட்டினி கிடப்பவன் நீ அல்ல, உன்னை நம்பி மூட்டையைக் கொடுத்த சம்சாரிதான்.

பெற்றோரே, "என்ன சம்பாதிப்பாய்?" என்று கேட்பதோடு, "இதனால் யாருக்கு நன்மை?" என்றும் கேளுங்கள். அதற்கு அவனிடம் பதில் இருந்தால், கோபத்தை விட்டு முழுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள். மத்தேயு ஒருவருக்கும் தெரியாமல் ஓடிப்போகவில்லை. தம்முடைய வீட்டிலேயே பெரிய விருந்து வைத்து, ஆண்டவரை உட்காரவைத்து, பழைய ஆயக்காரர்களையும் அழைத்தார்.

திருநாள் பூசை முடிந்தபின் நான் சாமியார் பங்களாவில் இருப்பேன். இப்படிப்பட்ட பேச்சு நடக்கிற வீட்டார், பிள்ளையை மட்டும் அனுப்பாமல், தாய், தகப்பன், மனைவி எல்லோரும் சேர்ந்து, கணக்கு எழுதிய நோட்டோடு வாருங்கள்.